வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது; இன்னும் வலிமையான ஆன்டிபயாடிக் தேவையா?

பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூருக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் திருமணமான பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். சில மாதங்களாக நீர்த்த, சாம்பல் நிறம் கலந்த வெள்ளைப்படுதல் இருக்கிறது. கணவருடன் சேர்ந்த பிறகும் மாதவிலக்கு முடியும் நாட்களிலும் மீன் வாடை போன்ற நாற்றம் கூடுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த கிட்டை இரண்டு முறை போட்டும் சில நாள் அடங்கியிருந்து மறுபடி வந்துவிட்டது. இதைவிட வலிமையான ஆன்டிபயாடிக் எது, கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டுமா, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீரும் என்று உறவினர் சொல்வது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள். மருந்தின் பெயரைக் கேட்பதுபோல எழுதியிருந்தாலும், தனக்கு மட்டும் ஏன் இது விடாமல் வருகிறது, தன்னிடம் என்ன குறை என்பதே அவர் உண்மையில் கேட்பது என்று எனக்குத் தோன்றுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மகளிர் நல மருத்துவராக நெடுங்காலமாக வேலை பார்த்துவருகிறேன். இதே கேள்வியைத் தாழ்ந்த குரலில், மற்ற எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கடைசியாகக் கேட்கும் பெண்களே அதிகம். சகோதரி, உங்களைப் பரிசோதிக்காமல் நோய் இதுதான் என்று நான் உறுதி செய்ய முடியாது. நீங்கள் விவரித்திருப்பது பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்னும் தொற்றுக்குப் பெரிதும் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். நான் எழுதப்போவது அந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது.

இனப்பெருக்க வயதில் உள்ள பெண்ணின் பிறப்புறுப்புக்குள் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, உள்ளே பி.எச். என்னும் அமில-கார அளவை ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையுடன் வைத்திருக்கின்றன. அந்த அமிலமே மற்றக் கிருமிகள் பெருகாமல் காக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் இவை குறையும்போது கார்ட்னரெல்லா, பிரீவோடெல்லா, மொபிலுங்கஸ் போன்ற, காற்று குறைந்த இடத்தில் செழிக்கும் கிருமிகள் பல மடங்கு பெருகுகின்றன. அவை உண்டாக்கும் அமைன்கள் என்னும் வேதிப்பொருள்கள் காரத்தன்மை கூடும்போது ஆவியாகி நாற்றமடிக்கின்றன. விந்தும் மாதவிலக்கு இரத்தமும் காரத்தன்மை கொண்டவை. அதனால்தான் அந்த நாட்களில் வாடை கூடுவதாக நீங்கள் உணர்கிறீர்கள். 1955இல் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நோய்க்கு ஒரே ஒரு கிருமியைக் காரணமாகக் காட்டினார்கள். ஒரு கூட்டமே பெருகி, இன்னொரு கூட்டம் தேய்ந்துபோவதுதான் இந்த நோய் என்பது பிறகுதான் தெளிவானது. சிகிச்சை ஏன் சிக்கலாக இருக்கிறது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. களையைப் பிடுங்கிவிட்டாலும் ராகி முளைக்காத நிலத்தில் அடுத்த மழைக்குக் களையே முதலில் தலைகாட்டும். ஆன்டிபயாடிக் செய்வது களை பிடுங்கும் வேலை மட்டும்தான்.

மருந்துக்குப் போகுமுன் நோயைச் சரியாக அடையாளம் காண்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. வெள்ளைப்படுதல் என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பது குறைந்தது நான்கு வேறு நிலைகள். மாதவிலக்குச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெண்கரு போல வழுவழுப்பாக வருவது இயல்பு. அதற்கு மருந்தே கூடாது. தயிர்த் திப்பி போலத் திரண்டு, அரிப்பும் எரிச்சலும் தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது, சில நேரம் நிலைமையை மோசமாக்கும். மஞ்சள் பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது பால்வினைத் தொற்று, கணவன் மனைவி இருவருக்கும் ஒருசேர மருந்து கொடுத்தே ஆக வேண்டும். நீர்த்த, சீரான கசிவும் மீன் வாடையும் இருந்து, அரிப்பு அதிகமில்லை என்றால் பாக்டீரியல் வெஜைனோசிஸ். எழுத்தில் இப்படித் தெளிவாகப் பிரித்துவிடலாம். நேரில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை, இரண்டு தொற்றுகள் சேர்ந்தும் வரும். அதனால்தான் 1983இல் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அளவுகோல்களை இன்றும் பயன்படுத்துகிறோம்: சீரான நீர்த்த கசிவு, 4.5க்கு மேற்பட்ட பி.எச்., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டவுடன் எழும் மீன் வாடை, நுண்ணோக்கியில் தெரியும் 'க்ளூ செல்' எனப்படும் கிருமிகள் அப்பிய செல்கள். இவற்றுள் மூன்று இருந்தால் நோய் உறுதி. இதற்குப் பெரிய ஸ்கேன் எதுவும் தேவையில்லை, ஒரு பி.எச். தாள், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, பார்க்கத் தெரிந்த ஒருவர் போதும். மூன்றாவது முறையாகத் தொல்லைப்படும் உங்களுக்கு இந்தச் சோதனை ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி மருந்து. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் சிகிச்சை, 1978 முதலே இந்த நோய்க்குப் பயன்படும் என்று தெரிந்த, விலை மலிவான மெட்ரோனிடசோல்தான். நம் ஊரில் கிடைக்கும் 400 மி.கி. மாத்திரை ஒன்றைக் காலையும் இரவும் வேளைக்கு ஒன்றாக 7 நாட்கள் எடுக்க வேண்டும்; அமெரிக்க வழிகாட்டுதலில் இது 500 மி.கி. என்று இருக்கும், வேறுபாடு பெரிதல்ல. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல்லை 5 கிராம் அளவில் இரவில் உள்ளே வைத்து 5 நாட்களோ, அல்லது 2 சதவீத கிளிண்டமைசின் கிரீமை அதே அளவில் 7 இரவுகளோ பயன்படுத்தலாம். மூன்றும் ஏறத்தாழ ஒரே பலன் தருபவை. கிளிண்டமைசின் 300 மி.கி. மாத்திரை தினம் இருவேளை 7 நாட்கள், டினிடசோல், ஒரே வேளையில் எடுக்கும் 2 கிராம் செக்னிடசோல் ஆகியவை மாற்று வழிகள். ஒரே வேளையில் 2 கிராம் மெட்ரோனிடசோல் கொடுக்கும் பழைய முறை, பலன் குறைவு என்று தெரிந்த பிறகு இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இது வரை சொன்னது நன்றாக நிறுவப்பட்டது, இதில் ஐயம் இல்லை.

உங்களுக்கு மருந்துக்கடையில் கொடுத்த கிட்டில் பெரும்பாலும் என்ன இருந்திருக்கும் என்று சொல்ல முடியும்: ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒன்று, அசித்ரோமைசின் 1 கிராம் ஒன்று, செக்னிடசோல் 1 கிராம் இரண்டு. இவற்றில் முதலாவது பூஞ்சைக்கு; இரண்டாவது கிளமிடியா போன்ற கருப்பைவாய்த் தொற்றுகளுக்கு; மூன்றாவது மட்டுமே உங்கள் நோய்க்கு. அரசு மருத்துவமனைகளில் தரும் பச்சை நிற கிட்டில் அசித்ரோமைசின் இல்லை, செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் மட்டுமே இருக்கும். சோதனை வசதியில்லாத இடத்தில் அறிகுறியை வைத்து முதல் முறை இப்படிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, பொதுச் சுகாதாரத் திட்டம் அதை யோசித்தே வகுத்திருக்கிறது. ஆனால் யாரும் பரிசோதிக்காமல், சீட்டும் இல்லாமல், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே கிட்டைக் கடை மேசையில் நீட்டுவதை நான் ஏற்கவில்லை. தேவையில்லாத அசித்ரோமைசினை அடிக்கடி விழுங்குவது உங்கள் வெள்ளைப்படுதலைத் தீர்க்காது. பின்னொரு நாள் அந்த மருந்து உண்மையில் தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும் வாய்ப்பைத்தான் கூட்டும்.

வலிமையான ஆன்டிபயாடிக் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், ஊசியாகப் போடும் விலை உயர்ந்த மருந்துகள் எதுவும் இந்தக் கிருமிக் கூட்டத்துக்கு மெட்ரோனிடசோலைவிடச் சிறந்தவை அல்ல. மெட்ரோனிடசோலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: காற்று குறைந்த இடத்துக் கிருமிகளைக் கொல்லும் அது, நல்ல லாக்டோபேசில்லஸ்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பரந்து தாக்கும் மருந்துகளோ எஞ்சியிருக்கும் நல்லவற்றையும் அழிக்கக்கூடியவை. உங்களுக்கு வேண்டியது நோய்க்குப் பொருந்திய மருந்து, முழு நாட்களுக்கு.

அந்த முழு நாட்கள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்றாம் நாளே வாடை போய்விடும்; வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் மட்டும் மிஞ்சும்; இரவு ஷிஃப்டில் வேலை பார்ப்பவருக்கு வெறும் வயிற்றில் மாத்திரை ஒத்துக்கொள்ளாது; மீதி மாத்திரைகள் அலமாரிக்குப் போய்விடும். சாப்பிட்டவுடன் எடுத்தால் குமட்டல் குறையும். ஷிஃப்ட் மாறினாலும் இரு வேளைக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்கும்படி உங்கள் சாப்பாட்டு நேரங்களோடு பொருத்திக்கொள்ளுங்கள். சிறுநீர் சற்றுக் கருத்துப் போனால் பயப்பட வேண்டாம். மாதவிலக்கு வந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வார்ஃபரின் எனும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம் ஆகியவற்றில் எதையேனும் எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மதுவோடு சேரக் கூடாது என்ற எச்சரிக்கை நெடுங்காலமாக இருந்துவருகிறது, மருந்துத் தாளில் இன்றும் அச்சிடப்படுகிறது; அதற்கான ஆதாரம் வலுவானதல்ல என்று அண்மைய அமெரிக்க வழிகாட்டுதல் கருதுகிறது. கணவருக்கும் இந்த மருந்து கொடுக்க நேர்ந்தால் அந்த வாரம் குடிக்காமல் இருக்கச் சொல்வதையே நான் விரும்புகிறேன். கிளிண்டமைசின் கிரீம் எண்ணெய் கலந்தது, பயன்படுத்தும் நாட்களிலும் அதற்குப் பின் 5 நாட்கள் வரையிலும் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். ஆணுறையை மட்டுமே நம்பியிருக்கும் தம்பதியர் இதை மறக்கக் கூடாது. கிளிண்டமைசின் எடுக்கும்போது கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை முடிந்தபின் வாடை போய் அரிப்பு தொடங்கினால், பழைய நோய் திரும்பியதாக எண்ணி மறுபடி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்; அது புதிதாக வந்த பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மறுபடி வருமா என்றால், வரும். சரியான மருந்தை முழுமையாக எடுத்த பெண்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஓராண்டுக்குள் திரும்புகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களிடம் தனியாக ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான். கார்ட்னரெல்லா உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, மருந்து முழுதாக உட்புகாதபடி மறைந்திருப்பது ஒரு காரணம். நல்ல பாக்டீரியா மீண்டும் குடியேறத் தாமதமாவது இன்னொன்று. துணையின் உடலிலிருந்து கிருமிகள் திரும்ப வருவது மூன்றாவது. இதைப் பற்றித்தான் அண்மையில் நம் எண்ணம் மாறியிருக்கிறது.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் கணவருக்குச் சிகிச்சை தேவையில்லை என்றே கற்பிக்கப்பட்டது, அதற்கு ஆதாரமும் இருந்தது: ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு விதமாக முயன்றது. ஒரே துணையுடன் வாழும் தம்பதியரில், பெண்ணுக்கு வழக்கமான சிகிச்சை தரும் அதே வாரத்தில் ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரை இருவேளை, அத்துடன் ஆணுறுப்பின் மேல் தடவ 2 சதவீத கிளிண்டமைசின் கிரீம் இருவேளை என 7 நாட்கள் தரப்பட்டது. 12 வாரங்களுக்குள் நோய் திரும்பியது, கணவருக்கும் மருந்து தந்த பிரிவில் 35 சதவீதப் பெண்களுக்கு, தராத பிரிவில் 63 சதவீதப் பெண்களுக்கு. வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இது நல்ல ஆய்வு, ஆனால் ஒன்றுதான், பங்கேற்றவர்கள் சுமார் 160 தம்பதியர், நம் நாட்டவர் அல்லர். ஆகவே முதல் முறை நோய் வரும் எல்லாப் பெண்களின் கணவர்களுக்கும் இது கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப வரும் உங்களைப் போன்றவருக்கு, சோதனையில் நோய் உறுதியானபின், கணவர் ஒப்புக்கொண்டால் முயன்று பார்க்கத் தகுந்தது என்பது என் கருத்து. தடவும் மருந்தை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கொடுப்பதில் பொருளில்லை. அந்த ஒரு வாரம் உறவைத் தவிர்ப்பதோ ஆணுறை பயன்படுத்துவதோ நல்லது. கிரீம் ஆணுறையைக் கெடுக்கும் என்பதால் தவிர்ப்பதே எளிது.

இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. கணவருக்கும் மருந்து என்றவுடன் யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்ற பேச்சு வீட்டில் எழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த நோய் இருப்பது யாருடைய நடத்தைக்கும் சான்று அல்ல. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் தம்பதியரிடமும் இது வருகிறது, திரும்புகிறது. கணவரையும் உடன் அழைத்துவந்தால் இதை மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லிவிடலாம்; அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

திரும்பிவரும் நோய்க்கு இன்னொரு வழியும் உண்டு: 7 நாள் சிகிச்சையை முழுதாக முடித்தபின், மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் இருமுறை வீதம் 3 முதல் 6 மாதம் வரை தொடர்வது. தொடரும் வரை நன்கு காக்கிறது. நிறுத்தியபின் சிலருக்குத் திரும்பிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போரிக் அமிலத்தை உள்ளே வைக்கும் முறை சில நிபுணர்களால் பயன்படுத்தப்படுகிறது. வாய்வழி உட்கொண்டால் அது நஞ்சு, கர்ப்பத்தில் கூடவே கூடாது, எனவே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நினைக்கவும் வேண்டாம். நல்ல பாக்டீரியாவையே உள்ளே வைக்கும் சிகிச்சையில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்று ஓரளவு நம்பிக்கை தந்தது, ஆனால் அந்தத் தயாரிப்பு நம் கடைகளில் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளும் தயிரும் அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தயிரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுங்கள், உள்ளே வைக்க வேண்டாம்.

கழுவுவதைப் பற்றி ஒன்று. வாடை வந்ததும் சோப்பு, டெட்டால், உப்பு வெந்நீர், வாசனைத் திரவம் என்று உள்ளே பீய்ச்சிக் கழுவும் பெண்கள் நிறைய. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அந்த முயற்சியே எஞ்சிய அமிலத்தையும் நல்ல பாக்டீரியாவையும் அடித்துச் சென்றுவிடுகிறது; உள்ளே கழுவுவோருக்கு இந்த நோய் அதிகம் என்பது நன்கு தெரிந்த செய்தி. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், உட்புறம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். உடல் சூடு, மாங்காய்ப் பருவத்தில் மாம்பழம் அதிகம் தின்றது, கோழிக்கறி ஆகியவற்றால் இது வருவதில்லை. கிருஷ்ணகிரிப் பெண்கள் மாம்பழத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மாதவிலக்குக்குத் துணி பயன்படுத்துவோர் அதை நன்றாகத் துவைத்து, வெட்கப்பட்டு உள்ளறையில் ஒளித்துக் காயவைக்காமல், வெயிலில் காயவைப்பது நல்லது.

கர்ப்பப்பையை எடுக்கும் யோசனைக்கு என் பதில் திட்டவட்டமானது: இந்த நோய்க்கு அது சிகிச்சையே அல்ல. கிருமிகள் இருப்பது பிறப்புறுப்புப் பாதையில். கர்ப்பப்பையை எடுத்த பின்னும் அந்தப் பாதை அங்கேயே இருக்கும், நோயும் அங்கேயே வரும். வெள்ளைப்படுதலைக் காரணம் காட்டி, புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தி, முப்பது முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை இழந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். இது அநியாயம் என்றே சொல்வேன். யாராவது உங்களிடம் இதைச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அதே நேரத்தில், உறவுக்குப் பின் இரத்தம் படுவது, கசிவில் இரத்தம் கலந்திருப்பது, மாதவிலக்குக்கு இடையில் உதிரப்போக்கு ஆகியவை இருந்தால் கருப்பைவாயைப் பார்த்தே ஆக வேண்டும். 30 வயதுக்கு மேல் அறிகுறி இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக நடக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு, 14 நாட்களுக்கு வேறு மருந்துகளும் சேரும், காத்திருக்கக் கூடாது.

நீங்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இந்த நோய் இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் சற்று அதிகம் என்பது தெரியும். ஆனால் சிகிச்சை தந்தால் அந்த அபாயம் குறையுமா என்பது அவ்வளவு தெளிவில்லை. அறிகுறியே இல்லாத, அபாயம் குறைந்த கர்ப்பிணிகளுக்குக் கிளிண்டமைசின் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு, 2018இல் வெளியானது, பலன் இல்லை என்றே முடிந்தது. அறிகுறி உள்ள கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மெட்ரோனிடசோல் மாத்திரையைக் கர்ப்பத்தில் மருத்துவர் சொன்னபடி எடுக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் நலப் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கின்றன. ஓசூரில் அரசு மருத்துவமனை உண்டு. மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில், அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உள்ளே மருந்தோ கழுவலோ உறவோ இல்லாமல் சென்று, கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, 'ஸ்மியர் எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று நீங்களாகவே கேளுங்கள். அங்கேயே உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனைகளை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். வெஜைனோசிஸ் உள்ள பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதுவரை போட்ட கிட்டுகளின் அட்டைகள் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை நாள் என்பது தெரிந்தால்தான், இதுவரை நடந்தது சரியான சிகிச்சையா அரைகுறைச் சிகிச்சையா என்று பார்த்து அடுத்ததை முடிவு செய்ய முடியும்.